கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் இருட்டு: கடை முகப்பை நீர்வண்ணத்தில் வரைய ஒரு முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலாக வரைந்த கடை முகப்பில் ஒரு செங்கல்கூட விடுபடவில்லை. சன்னலுக்குள் அடுக்கியிருந்த புத்தகங்களின் முதுகுகளை ஒவ்வொன்றாக வரைந்தேன். பெயர்ப்பலகை எழுத்துகளை அளவுகோல் வைத்து எழுதினேன். கதவின் கைப்பிடிக்குக்கூட ஒளிப்புள்ளி வைத்தேன். மூன்று நாள் உழைப்பு. முடித்துவிட்டுச் சுவரில் சாய்த்துப் பார்த்தால், கடையின் சரக்கிருப்புப் பட்டியலைப் படம் போட்டு வைத்தது போல இருந்தது. வெயிலைத் தவிர மற்ற எல்லாம் அதில் இருந்தன.

அதற்குப் பிறகு நிறையக் காகிதங்களைக் கெடுத்துத்தான் ஒன்று பிடிபட்டது. தெருவில் போகிற நம்மை ஒரு சின்னக் கடை நிற்க வைக்கிறது என்றால், பெரும்பாலும் அங்கே மூன்று அடுக்கு வெளிச்சம் இருக்கும்: சுவரில் வெயில், துணிக்கூரைக்குக் கீழே நிழல், கண்ணாடிக்குப் பின்னால் அரையிருட்டு. இந்த மூன்றும் சரியாக அமைந்துவிட்டால் செங்கற்களை வரையாமலே விட்டுவிடலாம். பார்ப்பவர் கண் தானாக வைத்துக்கொள்ளும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த மூன்றை நோக்கித்தான் போகின்றன.

பேசுவதற்கு வசதியாக ஒரு கடையை மனத்தில் வைத்துக்கொள்வோம். பழைய புத்தகக் கடை. காவி மஞ்சள் சுவர், இடப்பக்கம் சற்று உள்வாங்கிய பச்சைக் கதவு, வலப்பக்கம் பெரிய கண்ணாடிச் சன்னல், அதன் மேல் சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட துணிக்கூரை, அதற்கும் மேலே பெயர்ப்பலகை, வாசலில் இரண்டு பூந்தொட்டிகள். வெயில் இடப்பக்க மேல்மூலையிலிருந்து விழுகிறது.

பொருள்கள்

காகிதத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மட்டமான வண்ணத்தை நல்ல காகிதம் ஓரளவு காப்பாற்றும். மட்டமான காகிதத்தை எந்த வண்ணமும் காப்பாற்றாது. 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள, முழுக்கப் பருத்தியால் ஆன, கோல்ட் பிரஸ் வகைக் காகிதம் இந்த வேலைக்குப் பொருத்தமானது. அதன் மிதமான சொரசொரப்பு சுவரின் காரையைத் தானாகவே காட்டித் தரும், சன்னல் சட்டங்களின் நேர்க்கோட்டையும் கெடுக்காது. ஹாட் பிரஸ் வழவழப்பாக இருக்கும். பேனாக் கோட்டுக்கு நல்லது, பெரிய பூச்சுகளில் திட்டுத் திட்டாகிவிடும். 56க்கு 76 சென்டிமீட்டர் முழுத்தாளை நான்காக மடித்துக் கிழித்தால் 28க்கு 38 கிடைக்கும். முதல் கடைக்கு அந்த அளவு போதும். நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டி, பலகையின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். வண்ணம் கீழே ஓடி வரவேண்டும். தேங்கி நிற்கக் கூடாது.

வண்ணங்கள் ஆறு போதும்: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பு, எல்லோ ஓக்கர் என்ற காவி மஞ்சள், ஒரு தெளிவான மஞ்சள், குவினாக்ரிடோன் ரோஸ் என்ற இளஞ்சிவப்பு, தாலோ பச்சை. பழைய பெட்டிகளில் இருக்கும் அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு வெளிச்சம் பட்டால் நாளடைவில் வெளுத்துவிடும். குவினாக்ரிடோன் அந்த வம்பைத் தராது. கறுப்பு வாங்க வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியென்னாவும் சேர்ந்தால், நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், பழுப்பு கூடினால் சூடான சாம்பல், இரண்டையும் கெட்டியாக எடுத்தால் ஏறக்குறைய கறுப்பு என்று ஒரு குடும்பமே கிடைக்கிறது. கடையின் நிழல் முழுவதையும் இந்த இரண்டு வண்ணங்களே பார்த்துக்கொள்ளும். அல்ட்ராமரைன் ஒரு காலத்தில் லாபிஸ் லாசுலி என்ற விலையுயர்ந்த நீலக் கல்லை அரைத்துச் செய்யப்பட்டது. அன்று நிழலுக்கு அதை இப்படி வாரி இறைக்க யாருக்கும் மனம் வந்திருக்காது. 1820களில் பிரான்சில் செயற்கையாகச் செய்யும் வழி பிறந்த பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் கைக்கு அது தாராளமாக வந்தது.

தூரிகையில் 12, 8, 4 எண் உருண்டைத் தூரிகைகள், அரை அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்று. இரண்டு டம்ளர் தண்ணீர்: ஒன்று கழுவ, ஒன்று சுத்தமாக எடுக்க. பழந்துணி. வண்ணம் படாமல் காகிதத்தை மூடிவைத்துப் பிறகு உரித்தெடுக்கும் மாஸ்கிங் திரவம், அதைத் தொட ஒரு கழித்துப்போட்ட தூரிகை. அவ்வளவுதான்.

உட்கார்ந்து பார்ப்பது

வரையத் தொடங்குமுன் கடையை ஐந்து நிமிடம் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கண் சுருங்கும்போது விவரங்கள் கரைந்து, வெளிச்சம், நிழல், இருட்டு ஆகிய மூன்று திட்டுகள் மட்டும் மிஞ்சும். அதைத் தீப்பெட்டி அளவில் பென்சிலால் மூன்று நான்கு விதமாகக் கிறுக்கிப் பாருங்கள். இந்தச் சிற்றுரு ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம்தான் ஆகும், ஆனால் படத்தின் பாதித் தீர்ப்பு இங்கேயே வந்துவிடுகிறது. சிற்றுருவில் இருட்டெல்லாம் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு ஒரே திட்டாக, சன்னலிலிருந்து கூரையின் அடிப்பகுதி வழியாகக் கதவுக்குள் போகிறதா என்று பாருங்கள். அப்படிப் போனால் படம் நிற்கும். ஐந்தாறு இடத்தில் தனித்தனிப் பொட்டுகளாகச் சிதறிக் கிடந்தால் வேறு கோணமோ வேறு நேரமோ தேடுவது நல்லது.

நடுப்பகல் வெயிலைவிடக் காலையும் மாலையும் மேல். புகைப்படத்தைப் பார்த்து வரைவதில் தவறில்லை. ஆனால் கேமரா நிழலைக் கரியாக்கிக் காட்டும். உண்மையில் நிழலுக்குள் எவ்வளவு நிறம் இருக்கிறது என்பது நேரில் நின்றால்தான் தெரியும்.

முதல் படத்துக்குக் கடையை நேருக்கு நேராக நின்று பாருங்கள். பக்கவாட்டுக் கோணத்தில் ஒவ்வொரு கிடைக்கோடும் ஒரு பக்கம் ஓடும்; அதை அடக்குவதற்குள் ஆர்வம் போய்விடும். 1880களில் லண்டனின் செல்சி பகுதிக் கடைகளைச் சின்னச் சின்ன அளவில் தீட்டிய அமெரிக்க ஓவியர் விஸ்லர் பெரும்பாலும் நேர் எதிரே நின்ற பார்வையையே எடுத்துக்கொண்டார். கதவும் சன்னலும் பலகையும் வெறும் கட்டங்களாக மாறிவிடும் அந்தப் பார்வைக்கு ஒரு தனி அமைதி உண்டு.

பென்சில் வேலை

எச்.பி. பென்சில், லேசான கை. முதலில் கதவை வரையுங்கள். அதுதான் நமக்கு அளவுகோல். கையை முழுதாக நீட்டிப் பென்சிலைப் பிடித்து, கதவின் உயரத்தை விரலால் குறித்துக்கொண்டு, மற்றவற்றை அதனோடு ஒப்பிடுங்கள்: சன்னலின் அகலம் எத்தனை கதவு, பலகை கதவில் எத்தனை பங்கு. கதவு சரியென்றால் கடை சரி.

அடுத்து கண்மட்டக் கோடு. நிற்கிற மனிதரின் கண் தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கதவோ ஏறக்குறைய இரண்டு மீட்டர். ஆகவே நின்று பார்த்தால் கண்மட்டம் கதவின் முக்கால் உயரத்தில் விழும். கடையை நோக்கி உள்ளே போகும் கோடுகள், அதாவது உள்வாங்கிய கதவின் பக்கச் சுவர்கள், சன்னல் விளிம்பின் ஆழம், நிலைப்படியின் ஓரங்கள் ஆகியவை இந்தக் கோட்டில் உள்ள ஒரே புள்ளியை நோக்கிச் சாயும். கண்மட்டத்துக்கு மேலே உள்ளவை கீழ்நோக்கி, கீழே உள்ளவை மேல்நோக்கி. மற்ற எல்லாக் கிடைக்கோடுகளும் கிடையாகவே இருக்கட்டும்.

செங்கல், காரை வெடிப்பு, புத்தகங்கள் எதையும் பென்சிலில் போட வேண்டாம். நிழலின் எல்லையை மட்டும் ஒரு மெல்லிய கோடாகக் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும்; அரை மணி நேரத்தில் நீங்கள் பார்த்த நிழல் அங்கே இருக்காது.

பிறகு வெள்ளையைக் காப்பாற்றும் வேலை. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது காகிதம்தான். பெயர்ப்பலகை எழுத்துகள், சன்னல் சட்டத்தில் வெயில் பட்ட ஓரம், பூக்களில் நான்கைந்து புள்ளி, இவ்வளவுக்கு மட்டும் மாஸ்கிங் திரவம் வையுங்கள். தூரிகையை முதலில் சோப்பில் தோய்த்துக்கொண்டால் திரவம் மயிரில் ஒட்டிப் பாழாகாது. திரவம் இருக்கும்போது முடி உலர்த்தும் கருவியின் சூட்டைக் காட்டாதீர்கள், காகிதத்தோடு பிடித்துக்கொள்ளும். நாள்கணக்கில் விட்டுவைப்பதும் ஆபத்து.

முதல் பூச்சு

இங்கே பயப்படக் கூடாது. பெரிய தூரிகையில் எல்லோ ஓக்கரைத் தண்ணீராகக் கரைத்துச் சுவர் முழுக்க, கதவின் மேலும் நடைபாதையின் மேலும்கூட, ஒரே ஓட்டமாக இழுங்கள். விட்டுவைக்க வேண்டியது துணிக்கூரையின் வெள்ளைப் பட்டைகளும், சன்னலில் வானம் தெரியப்போகும் ஒரு துண்டும் மட்டும். ஈரம் காயுமுன் சுவரின் மேல்பக்கம் ஒரு துளி ரோஸ், கீழே தரை அருகே ஒரு துளி நீலம் தொட்டு விடுங்கள். அவை தாமாகப் பரவிக் கலக்கட்டும். பழைய சுவரில் ஒரே நிறம் எங்கும் இருப்பதில்லை.

பூச்சின் அடியில் திரண்டு நிற்கும் நீர்முத்தைத் தூரிகையால் அடுத்த இழுப்புக்குக் கொண்டுபோய்க்கொண்டே இருங்கள். கடைசியில் மிஞ்சுவதைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்சிவிடுங்கள். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி ஈரத் தூரிகையைக் கொண்டுபோனால், புதுத் தண்ணீர் வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர் போல ஓரம் கட்டிவிடும். ஆரம்பநிலைப் படங்கள் அழுக்காகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கை அரிப்புதான். புறங்கையைக் காகிதத்தின் மேல் லேசாக வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

காய்ந்ததும் நிறம் வெளுத்திருக்கும். நீர்வண்ணத்தின் இயல்பு அது. ஈரத்தில் சற்று அதிகம் என்று தோன்றினால்தான் காய்ந்தபின் சரியாக இருக்கும்.

கதவுக்குத் தாலோ பச்சையை அப்படியே போட்டால் பிளாஸ்டிக் போலக் கத்தும். பர்ன்ட் சியென்னாவைக் கலந்து அடக்குங்கள். துணிக்கூரையின் சிவப்புப் பட்டைகளுக்கு ரோஸும் மஞ்சளும். ஒவ்வொரு பட்டையும் மேலே கொஞ்சம் வெளிறி, கீழ்ப்பக்கம் செறிவாக இருக்கட்டும். பலகைக்கு உங்கள் விருப்பம். நான் ஆழ்ந்த நீலம் போடுவேன், காவிச் சுவருக்கு எதிரே அது நன்றாக நிற்கும்.

கண்ணாடி

படம் பிழைப்பதும் சாவதும் இங்கேதான். கண்ணாடி என்றதும் வெளிர் நீலத்தைப் பூசிவிடுகிறோம். தெருவில் நின்று பாருங்கள்: பகலில் கடைச் சன்னலில் நீலம் அரிது, பெரும்பாலும் இருட்டுத்தான். கண்ணாடித் தகட்டை நேருக்கு நேர் பார்க்கும்போது அதன் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 8 சதவீதம் மட்டுமே திரும்பி வருகிறது. மீதி உள்ளே போய்விடுகிறது. உள்ளே இருப்பதோ வெயில் இல்லாத அறை.

ஆனால் அந்த 8 சதவீதத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. எதிரே பளிச்சென்ற வானம் இருந்தால் அதன் 8 சதவீதம்கூட உள்ளிருட்டை மறைத்துவிடும். எதிர்க் கட்டடத்தின் நிழல் பக்கமோ மரமோ பிரதிபலிக்கிற இடத்தில் மறைக்க ஒன்றும் இல்லை. அங்கே கடையின் உள்பக்கம் தெரிகிறது. ஆகவே ஒரே சன்னலில் இரண்டு கதைகள்: வானம் பிரதிபலிக்கும் துண்டில் வெளிறிய வடிவம், மற்ற இடத்தில் உள்ளே அலமாரி, விளக்கு, யாரோ ஒருவரின் தோள். உங்கள் உருவமே கண்ணாடியில் கருந்திட்டாக விழும் இடத்தில்தான் உள்ளே மிகத் தெளிவாகத் தெரியும் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

வரையும் முறை: வானத் துண்டைத் தவிர்த்துச் சன்னலைத் தண்ணீரால் நனையுங்கள். பளபளப்பு அடங்கி மங்கலாகும் நேரத்தில் பர்ன்ட் சியென்னாவை அங்கங்கே விடுங்கள்; அது உள்ளே எரியும் விளக்கின் சூடு. அதைச் சுற்றி அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியென்னாவும் கலந்த கெட்டி இருட்டை விடுங்கள். கலவை தேன் போல இருக்க வேண்டும். தண்ணீராக இருந்தால் எல்லாம் வெளுத்துப்போகும். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஊறட்டும், கை வைக்காதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு அலமாரியின் இரண்டு கிடைக்கோடுகள், புத்தகங்களாக நான்கைந்து நிற்கும் கட்டைகள், அவற்றில் இரண்டுக்கு மட்டும் நிறம். மற்றவை கரைந்தே கிடக்கட்டும். சன்னலின் கீழ்ப்பக்கம், கண்ணாடியை ஒட்டி வைத்திருக்கும் பொருளை மட்டும் கொஞ்சம் கூர்மையாகக் காட்டலாம். உள்ளே போகப் போகக் கூர்மை குறைய வேண்டும்.

சன்னலின் நான்கு ஓரமும் ஒரே கூர்மையோடு இருந்தால் கறுப்புத் தாளை வெட்டி ஒட்டியது போலாகிவிடும். ஒரு மூலையையாவது சுத்தமான ஈரத் தூரிகையால் துடைத்துச் சட்டத்தோடு கலக்க விடுங்கள்.

நிழல்

எல்லாம் முற்றிலும் காய்ந்த பிறகு இதைத் தொடுங்கள். அல்ட்ராமரைன் அதிகம், பர்ன்ட் சியென்னா கொஞ்சம், ஒரு சொட்டு ரோஸ். கீழே இருக்கும் நிறம் தெரியும்படி ஒளி ஊடுருவும் கலவையாக, ஆனால் துணிச்சலான செறிவில். சுவர், சட்டம், கதவு என்று பிரித்துப் பிரித்துப் பூசாமல் துணிக்கூரையின் முழு நிழலையும் ஒரே பூச்சாக, நிற்காமல் இழுங்கள். அடியில் உள்ள நிறங்கள் அந்த நிழல் வழியாகத் தங்களைத் தாங்களே காட்டிக்கொள்ளும். மெதுவாகத் தேய்த்தால் அடி நிறம் கலங்கிவிடும். ஒரு முறை போன தூரிகை திரும்பி வரக் கூடாது.

நிழல் எங்கே விழும் என்பதை ஊகிக்க ஓர் எளிய கணக்கு: வெயில் நேர் முன்னாலிருந்து 45 பாகைச் சாய்வில் விழுந்தால், கூரை சுவரிலிருந்து ஒரு மீட்டர் நீண்டிருக்கும்போது அதன் நுனிக்கு ஒரு மீட்டர் கீழே சுவரில் நிழலின் விளிம்பு விழும். வெயில் ஏறினால் நிழல் இறங்கும். நம் கடையில் வெயில் இடப்பக்கத்திலிருந்து வருவதால் நிழல் முழுவதும் வலப்பக்கம் தள்ளி நிற்கும். கூரை கதவுக்கு மேலும் நீண்டிருந்து அதன் நிழல் உள்வாங்கிய கதவு வரை எட்டினால், அங்கே அதன் விளிம்பு சுவரில் இருப்பதைவிடக் கீழே இறங்கும். ஆழம் இருக்கும் இடத்துக்கு ஒளி போவதற்குள் அது மேலும் தாழ்ந்துவிடுகிறது அல்லவா? இந்த ஒரு படிக்கட்டு உடைவு போதும், கதவு சட்டென்று உள்ளே போய்விடும்.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது: சுத்தமான கண்ணாடியின் மேல் நிழல் விழுவதில்லை. சட்டத்தில் விழும், சுவரில் விழும், கண்ணாடியைத் தாண்டி உள்ளே இருக்கும் பொருள்களில் விழும். ஆகவே நிழல் கோட்டைக் கண்ணாடியின் குறுக்கே அப்படியே இழுக்காமல், கோட்டுக்குக் கீழே, கண்ணாடியை ஒட்டி வைத்த புத்தகங்களின் அடிப்பக்கத்தில் மட்டும் வெயில் படும்படி விடுங்கள்.

நிழல் ஈரமாக இருக்கும்போதே கூரையின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் எல்லோ ஓக்கரை விடுங்கள். நடைபாதையில் பட்டு எழும் வெளிச்சம் கூரையின் அடியைச் சூடாக்கும். நிழல் மூச்சு விடுவது இதனால்தான்.

எழுத்தும் ஆளும்

மாஸ்கிங் திரவத்தை விரலால் தேய்த்து எடுங்கள். வெளிப்படும் எழுத்துகளின் வெள்ளை உறைக்கும்; மேலே இளம் மஞ்சள் ஒரு பூச்சு கொடுத்து, நிழலில் இருப்பவற்றை நீலமாக்குங்கள். எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நன்றாக எழுதப்பட்ட பெயர் பார்ப்பவரைப் படிக்க வைத்துவிடும். படிக்கத் தொடங்கியவர் படத்தைப் பார்ப்பதை விட்டுவிடுவார். முதல் எழுத்தைத் தெளிவாக விட்டு மற்றவற்றை ஓரம் கரைத்து விடுவது என் வழக்கம்.

ஆள் ஒருவர் இருந்தால் கடைக்கு அளவு கிடைக்கும். சமதரையில் நிற்பவர்களின் தலை, அவர்கள் அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், நீங்கள் நின்று வரைந்திருந்தால் கண்மட்டக் கோட்டை ஒட்டியே வரும். தலைக்கு ஒரு பொட்டு, உடலுக்குக் கேரட் போல ஒரு வடிவம், காலடியில் நடைபாதையோடு கலக்கும் நிழல். முகம் வேண்டாம். கண்ணாடியின் இருட்டுக்கு எதிரே வெளிர் சட்டை போட்ட ஒருவரை நிறுத்தினால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும்.

செங்கல்லுக்கு, தட்டைத் தூரிகையின் ஓரத்தால் அங்கே மூன்று, இங்கே இரண்டு. தொட்டிச் செடிக்கு இலை இலையாகப் போக வேண்டாம்; பச்சையின் செறிவை மாற்றி மாற்றி மூன்று தொடுதல். கடைசியாக, மிகக் கெட்டியான இருட்டை நான்கு எண் தூரிகையில் எடுத்து, கதவிடுக்கு, கூரைக்கு அடியில் மூலை, தொட்டியின் அடி ஆகிய இடங்களில் மட்டும் வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

தவறு நேர்ந்தால்? தேவையற்ற இடத்தில் விழுந்த நிறத்தை ஈரத் தூரிகையால் நனைத்துத் துணியால் ஒற்றி எடுக்கலாம். தாலோ பச்சை மட்டும் காகிதத்தில் ஊறிக்கொள்ளும், முழுதாக வராது. கலங்கிப்போன நிழலைத் திருத்தத் திருத்தச் சேறுதான் ஆகும். அதைக் காய விட்டு, அடுத்த படத்துக்கான பாடமாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

டேப்பை உரிக்கும்போது காகிதம் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். படத்துக்கு வெளிப்புறமாகச் சாய்த்து மெதுவாக இழுங்கள். மறுநாள் காலையில் நான்கு மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சன்னலின் இருட்டுப் போதாது என்று தோன்றும். அப்படித் தோன்றினால் அங்கே மட்டும் இன்னொரு பூச்சு கொடுங்கள்.